பெருந்தன்மை விளக்கு

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும், எனக்கு மிச்சமிருக்கும் ஏழு பற்களும் இந்த வாக்கியம் முடிவதற்குள் உதிர்ந்து விழட்டும். முடிந்துவிட்டது, விழவில்லை. ஆகவே சந்தேகப் பேர்வழிகள் தாராளமாக வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம்.

ரோட்டில் கார்கள் தாமாகவே ஓடப் பழகி, மனிதன் ஸ்டியரிங்கைத் தொட்டால் அபராதம் என்று சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கார்களுக்குள் சண்டை கிடையாது. ஒன்று அவசரமாக வந்தால் மற்றது ஒதுங்கும். ஒதுங்கியதற்கு நன்றியும் எதிர்பார்க்காது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இது தாங்கமுடியாத அவமானமாக இருந்தது. நம் காசில் வாங்கிய கார், நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் கண்டவனுக்கெல்லாம் வழி விடுகிறதே என்று கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் வசதியுள்ளவர்கள் பலருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்தத் தூக்கமின்மையைத் தொழிலாக்கியவர் ராக்கியப்பன். மூலனூருக்குத் தெற்கே காற்றாலை வைப்பதற்காக நிலம் வாங்கிப் போட்டிருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் வேட்டியைப் பறிக்கிற காற்று, இவர் வேலிக்குள் மட்டும் வரவில்லை. மனிதர் சளைக்காமல் அந்த நிலத்தில் தார் ஊற்றி, நெளித்து வளைத்து ஒரு டிராக் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொந்தக் காரைச் சொந்தக் கையால் ஓட்டலாம். உறுப்பினர் கட்டணம் அதிகம். அதுதான் உறுப்பினர்களுக்குப் பிடித்த அம்சம்.

எனக்கு அங்கே கோபுரத்தில் மைக் வேலை. அதற்கு முன்னால் ரேக்ளா பந்தயங்களில் மைக் பிடித்துக்கொண்டிருந்தேன். மாடுகளைப் பற்றி வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன். மாடுகள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. தோற்ற மாடு வீட்டுக்குப் போய்க் காரணம் சொல்லாது.

டிராக்கில் நடந்தது பந்தயம் அல்ல. இதை நான் ஞாயிறுதோறும் அறிவிப்பேன், ஒருத்தரும் நம்பமாட்டார்கள். கோப்பை கிடையாது, கடிகாரம் கிடையாது. முதலில் வருகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் ஒரே உளுந்துவடைதான். இப்படிப்பட்ட இடங்களில் ஒரே ஒரு மரியாதை உண்டு. பின்னால் வருகிறவன் நம்மைவிட வேகமாக வந்தால், வளைவு முடிந்து நேர்ச்சாலை பிடித்ததும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, எந்தப் பக்கம் போகலாம் என்று விரல் காட்ட வேண்டும். கூடவே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுக்க வேண்டும். அவன் தாண்டிப் போவான். போகிற போக்கில் நன்றிக்கு ஒரு கை தூக்குவான். கை காட்டாமல் யாரும் யாரையும் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் சாஸ்திரம்.

எங்கள் உறுப்பினர்கள் இதில் கை சம்பந்தப்பட்ட பாதியை மட்டும் கற்றுக்கொண்டார்கள். கை வெளியே நீளும். கால் உள்ளே அழுந்தும். வளைவுகளில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிவந்த வண்டி மாதிரி ஊர்வார்கள். நேர்ச்சாலை கண்ணில் பட்டதும் இருக்கிற குதிரைகளையெல்லாம் ஒன்றாக அவிழ்த்துவிடுவார்கள். நேராக ஓட்டுவதற்குத் திறமை வேண்டாம், வங்கியில் நல்ல பெயர் இருந்தால் போதும்.

பனியன் ஏற்றுமதி செய்யும் தெய்வசிகாமணி கை காட்டும் அழகே தனி. கும்பாபிஷேகத்தில் நன்கொடையாளர் கையசைப்பது போல இருக்கும். கையை அப்படி வைத்துக்கொண்டே பறந்துவிடுவார். பம்புசெட் கம்பெனி முதலாளி சென்னியப்பன் இந்த நாடகம்கூட ஆடமாட்டார். அவர் கை வெளியே வந்தால் காற்று வாங்க வந்திருக்கிறது என்று அர்த்தம். “நானெதுக்கு வழி விடோணும்? அவன் வேகமா வர்றான்னா அது அவன் பிரச்சினை” என்பார். எழுபதை நெருங்கிய மனிதர். டிராக்கிலேயே அவர்தான் மெதுவான ஆள்; ஆகவே எப்போதும் அவர்தான் முன்னால்.

ஒரு ஞாயிறு தெய்வசிகாமணி நீட்டிய கையை, கல்லூரித் தாளாளர் ஆறுச்சாமி நம்பிவிட்டார். இன்னொருவர் வாக்கை அவர் நம்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, அனுபவம் போதவில்லை. தாண்டப் போனார், அவர் விடவில்லை, இவர் விலகினார், காரோடு போய்ப் பக்கத்து முருங்கைத் தோட்டத்தில் உட்கார்ந்தார். கேண்டீனில் பஞ்சாயத்து நடந்தது.

“கை காட்டுனீங்களா இல்லீங்களா?” என்றார் ஆறுச்சாமி, தலையில் முருங்கையிலையோடு.

“காட்டுனேன்” என்றார் தெய்வசிகாமணி.

“அப்பறம் எதுக்குங்க மிதிச்சீங்க?”

“கை காட்டறது மரியாதைக்குங்க. மிதிக்கறது நம்ம பழக்கம்.”

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கொண்டுவந்தவள் சென்னியப்பன் மகள் நித்திலா. மூளையைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் வெளிநாட்டில் படித்துவிட்டு, அப்பா கம்பெனியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தவள். அப்பா அவளுக்குத் தனி அறை கொடுத்தார், ஏசி போட்டுக் கொடுத்தார். வேலை மட்டும் கொடுக்கவில்லை. “கம்பெனியில மொதலாளி சேர் ஒண்ணுதான் இருக்குது. அதுல நான் உக்காந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டார். நான்கு வருஷமாக அந்தப் பெண் ஏசி காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

கேண்டீன் மேசைமேல் ஒரு ஹெல்மெட்டையும் சின்ன விளக்கொன்றையும் வைத்து அவள் விளக்கினாள்.

“கையையும் நம்ப வேண்டாமுங்க, காலையும் நம்ப வேண்டாமுங்க. ஹெல்மெட்டுக்குள்ள நெத்தியில படற மாதிரி ஒரு பட்டை இருக்குது. கெட்டியாப் பிடிச்சிருந்த ஒண்ணை மனசார விடறப்போ மூளைக்குள்ள ஒரு தளர்ச்சி வரும். அதை மட்டும் இது பாக்கும். அதை யாராலயும் நடிக்க முடியாது.”

“பாத்துட்டு என்ன பண்ணும்?” என்றார் ராக்கியப்பன்.

“காருக்குப் பின்னால இருக்கற விளக்கு பச்சையாகும். மனசு விடலீன்னா செவப்பு. செவப்பா இருந்தா, பின்னால வர்ற காரு ஒரு மாட்டுவண்டி நீளத்துக்குக் கிட்ட வராது. எவ்வளவு மிதிச்சாலும் எஞ்சின் கேக்காது.”

“இதைக் கழட்டிப் போட்டா?” என்று தன் முதல் கேள்வியைக் கேட்டார் தெய்வசிகாமணி.

“வண்டி கெளம்பாதுங்க. ஹெல்மெட்டைக் கழட்டுனாலும் செவப்புதான்.”

“யாரு விட்டாங்க, யாரு விடலைங்கறது எங்கியாச்சும் பதிவாகுமா அம்மிணி?” என்றார் ஆறுச்சாமி.

“ஆகற மாதிரி பண்ணலாமுங்க. கோபுரத்துத் திரையில...”

“வேண்டாம்” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. திரையில் விளக்கு தெரியலாம், எதுவும் சேமிக்கக் கூடாது.

ராக்கியப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. டிராக்கில் சக்கரம் வைக்கிற எல்லாவற்றுக்கும் இந்தக் கருவி கட்டாயம் என்றார். தண்ணீர் லாரிக்கும், அவர் ஜீப்புக்கும், ஆம்புலன்சுக்கும்.

“ஆம்புலன்சுக்கு எதுக்குங்க?” என்றாள் நித்திலா.

“விதின்னா எல்லாத்துக்கும் விதிதான். ஆம்புலன்ஸ் என்ன ஆகாசத்துல இருந்து குதிச்சுதா? ஏம்மிணி, பின்னால ஆம்புலன்ஸ் வர்றப்போ, மனசார வழி விடமாட்டேங்கற மனுஷன் ஒருத்தன் உண்டா?”

அப்படி ஒருத்தன் இருக்கமுடியாது என்று நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். சென்னியப்பன் மட்டும் வடையை விண்டுகொண்டே, “வேடிக்கைதான் போ” என்றார்.

அடுத்த ஞாயிறு, பெருந்தன்மை விளக்கு பூட்டிய பதினொரு கார்கள் இறங்கின. சென்னியப்பன் முன்னால். அவருக்குப் பின்னால் ஒரு மாட்டுவண்டி நீளம் விட்டுத் தெய்வசிகாமணி. அவருக்குப் பின்னால் அதே நீளம் விட்டு ஆறுச்சாமி. இப்படியே பதினொன்று. எல்லா விளக்கும் சிவப்பு. எல்லா ஜன்னலிலும் கை. போங்க போங்க என்று விரல்கள் அழைத்தபடி இருக்க, ஒருத்தரும் ஒருத்தரையும் தாண்ட முடியாமல், சாவு வண்டிக்குப் பின்னால் போகிற சொந்தக்காரர்கள் மாதிரி காலை முழுவதும் சுற்றினார்கள். மைக்கில் என்ன சொல்வதென்று தெரியாமல் நான் இறந்தவரின் நற்குணங்களைச் சொல்ல ஆரம்பித்தேன்; ராக்கியப்பன் வந்து நிறுத்தினார்.

“கருவி கெட்டுப்போச்சா அம்மிணி?” என்று கோபுரத்தில் நித்திலாவைக் கேட்டேன்.

“இல்லீங் மாமா. அருமையா வேலை செய்யுது.”

“எல்லாரும் கையை நீட்டறாங்களே?”

“கையைத்தான் நீட்டறாங்க.”

பிறகு வந்த ஞாயிறுகளில் உறுப்பினர்கள் குறுக்குவழி தேடினார்கள். ஒருவர் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொண்டு வந்தார். மூச்சு நன்றாக வந்தது, விளக்கு சிவப்பாகவே இருந்தது. இன்னொருவர் தூக்கமாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினார். விளக்கு பச்சையானது, கார் தண்ணீர் லாரியின் மடியில் போய்ப் படுத்தது. தெய்வசிகாமணி கெட்டிக்காரர். ரோட்டில் வேலை போன பழைய டிரைவர் ஒருவரைச் சம்பளத்துக்குப் பிடித்து ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, தான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அந்த டிரைவரின் விளக்கு கேட்டைத் தாண்டும்போதே பச்சை. பல வருஷம் சம்பளத்துக்கு வண்டி ஓட்டியவன், எதையும் கெட்டியாகப் பிடித்துப் பழகவில்லை. அன்று அவரை எல்லோரும் தாண்டினார்கள். தண்ணீர் லாரிகூடத் தாண்டியது. தெய்வசிகாமணி அன்றோடு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்.

நித்திலா ஒவ்வொரு ஞாயிறும் கோபுரத்துக்கு வந்து திரையின் முன்னால் உட்காருவாள். பதினொரு புள்ளிகளில் அவள் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“உங்கொப்பன் புள்ளியவே பாக்கறயே, என்ன எதிர்பாக்கற?”

“ஒரு தரம் பச்சையாறதைப் பாக்கோணும் மாமா.”

“எதுக்கு?”

“எங்கப்பாவால எதையாச்சும் விட முடியுமான்னு தெரியோணும். முடியும்னா, கம்பெனிக்காக இன்னும் சில வருஷம் காத்திருப்பேன். முடியாதுன்னா பொட்டியக் கட்டிட்டுப் போயிருவேன். வாயில கேட்டா எகத்தாளம் பேசுவாரு. அதுதான் நெத்தியில கேக்கறேன்.”

உறுப்பினர்கள் மரியாதை கற்றுக்கொள்வதற்காக அந்தப் பெண் இதைச் செய்ததாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பனும் மகளும் பேசிக்கொள்ள ஒரு டிராக்கும் பதினொரு காரும் தேவைப்பட்டிருக்கிறது. வசதியுள்ள வீடுகளில் எல்லாமே செலவு பிடித்த காரியம்தான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு. சென்னியப்பன் யாருக்கும் காத்திருக்காமல் முதலில் இறங்கிவிட்டார். மற்ற பத்துப் பேரும் கேட்டில் எவன் முதலில் நுழைவது என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். திரையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் முருங்கைத் தோட்டத்து வளைவை நோக்கி ஊர்ந்தது.

“மாமா!” என்று என் தோளைப் பிடித்தாள் நித்திலா. “பச்சை! அப்பா பச்சை!”

அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மைக்கைத் தட்டிவிட்டு, “அன்பர்களே! பம்புசெட் அதிபர் சென்னியப்பன் அவர்கள் பெருந்தன்மை அடைந்துவிட்டார்!” என்று அறிவித்தேன். கேண்டீனில் கைதட்டினார்கள். கேட்டில் நின்றவர்கள், அந்தாளே விட்டுக்கொடுத்துவிட்டால் நம் கதி என்னவாவது என்று பதறிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

நித்திலாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“மாமா, அப்பாவுக்குப் பின்னால யாரு வர்றாங்க?”

“யாருமில்ல அம்மிணி. இவங்கெல்லாம் இப்பத்தான் கேட்டைத் தாண்டறாங்க.”

“அப்ப யாருக்கு வழி விடறாரு?”

வளைவுக்கு அந்தப் பக்கம் புள்ளி நின்றுவிட்டது. ரேடியோவில் கூப்பிட்டாள். “அப்பா... அப்பா, கேக்குதுங்களா?” மூச்சு இழுபடுகிற சத்தம் மட்டும் வந்தது. கடையில் திருடுபோன சாமானைத் தேடுகிற மாதிரி ஒரு மூச்சு. பிறகு, “நெஞ்சு...” என்றார். அதோடு சரி.

கீழே ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த ராக்கியப்பன் அபாய விளக்கைப் போட்டார். ஆம்புலன்ஸ் கிளம்பியது. அப்போதுதான் நாங்கள் செய்து வைத்திருந்த காரியத்தின் முழு அழகும் விளங்கியது.

அபாய விளக்கைக் கண்டதும் வரிசையின் தலையில் இருந்த தெய்வசிகாமணி பிரேக்கில் ஏறி நின்றார். எஞ்சின் அணைந்தது. அது வெளிநாட்டுக் கார். அணைந்தால் உடனே எழாது, கொஞ்ச நேரம் யோசிக்கும். ஓட்டுகிறவர்கள் யோசிப்பதில்லை என்பதால் காரே யோசிக்கும்படி செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் டிராக்கின் இரண்டு ஓரமும் டயர் அடுக்கிய சுவர். அவருக்குப் பின்னால் ஒன்பது கார் ஒதுங்கி நின்றன. ஒரு வண்டி தாண்டிப் போகத் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் கடைசிக் காரின் விளக்கு சிவப்பு. ஒரு மாட்டுவண்டி நீளத்துக்கு முன்னாலேயே ஆம்புலன்ஸ் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் மிதிக்கிறான், எஞ்சின் கேட்கவில்லை.

பத்து ஜன்னலிலிருந்தும் பத்துக் கை வெளியே வந்தது. போ, போ, போ என்று வீசின. ஒருவர் இரண்டு கையையும் நீட்டினார். கல்யாணத்தில் பன்னீர் தெளிப்பவர்கள்கூட அவ்வளவு அன்போடு அழைக்கமாட்டார்கள். பத்து விளக்கும் சிவப்பு.

“விடுங்க! மனசார விடுங்க!” என்று ரேடியோவில் கத்தினாள் நித்திலா.

“நான் விட்டுட்டேனுங்க!” இது கடைசிக் கார்.

“நான் எப்பவோ விட்டுட்டேன், அவரு விளக்குதான் தப்பு!” இது அதற்கு முன்னால்.

“அம்மிணி,” என்றார் தெய்வசிகாமணி, “ஆம்புலன்ஸ் தாராளமாப் போகட்டும். ஆனா அதும்பொறத்தாலயே ஒட்டிக்கிட்டு ஆறுச்சாமி வந்துருவாரு. அவரு வரமாட்டாருன்னு யாராச்சும் உறுதி சொல்லுங்க!”

“நானெதுக்கய்யா வர்றேன்?” என்றார் ஆறுச்சாமி. “நீ போயிருவயோன்னுதான் நான் பாத்துக்கிட்டிருக்கேன்!”

ஆள் இறங்கி ஓடலாமே என்பீர்கள். ஓடினான். ஆம்புலன்சில் இருந்த உதவியாளன் ஆக்சிஜன் உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினான். ஆள் பருமன், உருளையும் பருமன், பாதி தூரத்திலேயே இரண்டுக்கும் காற்று தீர்ந்துவிடும் போலிருந்தது. நித்திலா செருப்பை உதறிவிட்டுக் கோபுரத்திலிருந்து இறங்கி, நடுவிலிருந்த கருவேலங்காட்டுக்குள் புகுந்து ஓடினாள். இறங்குமுன் என்னைப் பார்த்து, “மாமா, ஏதாச்சும் பண்ணுங்க, அந்த விளக்கைப் பாத்துக்குங்க” என்றாள்.

கோபுரத்தில் நானும் மைக்கும் மட்டும். நான் யோசித்தேன். இவர்களிடம் இரக்கத்தைக் கேட்டால் கிடைக்காது; இருப்பில் இல்லாத சரக்கை யாரும் கொடுக்கமுடியாது. மனசார இன்னொருத்தனை முன்னால் அனுப்பவேண்டும், அவ்வளவுதானே? வாழ்க்கையில் எப்போதாவது இவர்கள் அப்படி அனுப்பியிருக்கிறார்களா? அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, டிராக் முழுவதும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் சாவகாசமாகச் சொன்னேன்:

“உறுப்பினர்கள் கவனத்துக்கு. வருமான வரி ஆபீசர்கள் நாலு பேர் நம்ம கேண்டீனுக்கு வந்திருக்காங்க. யாரையும் குறிப்பாத் தேடலையாம். எந்தக் காரு மொதல்ல சுத்தி முடிச்சு உள்ள வருதோ, அதுல இருந்து ஆரம்பிச்சுக்கறோம்னு சொல்றாங்க. அவசரமில்ல. காப்பி குடிச்சுக்கிட்டிருக்காங்க.”

அப்புறம் திரையைப் பார்க்கவேண்டுமே! கடைசியிலிருந்து தொடங்கி, தீபாவளிச் சரம் பற்றிக்கொள்வது மாதிரி, பச்சை, பச்சை, பச்சை. பத்தும் பச்சை. அப்படிச் சுத்தமான, கலப்படமில்லாத, அடிமனதிலிருந்து வந்த விட்டுக்கொடுத்தலை எந்த மகானிடமும் நீங்கள் பார்த்திருக்கமுடியாது. நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று ஒவ்வொரு உயிரும் கெஞ்சிற்று. அச்சத்துக்கும் அன்புக்கும் அந்தப் பட்டைக்கு வித்தியாசம் தெரியாது; பாவம், இயந்திரம்தானே. ஆம்புலன்ஸ் ஒரு உறுமல் உறுமி, பத்துப் பெருந்தன்மையாளர்களையும் தாண்டிக்கொண்டு வளைவில் மறைந்தது.

அப்போதுதான் பதினோராவது புள்ளியைப் பார்த்தேன். சென்னியப்பன் புள்ளி. பத்தும் பச்சையாக எரிந்துகொண்டிருக்க, அது மட்டும் ஒருமுறை துடித்து, சிவப்பானது. அபாரமான சிவப்பு. ஒலிபெருக்கி அவர் காதிலும் விழுந்திருக்கிறது. நாற்பது வருஷக் கணக்கை எவனோ புரட்டப் போகிறான் என்று கேட்ட மாத்திரத்தில், எமனுக்கு விட்டுக்கொடுத்த வழியை மனிதர் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்.

ஆள் பிழைத்தார். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து மூடினார்கள். நான் பார்க்கப் போனபோது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஆச்சுன்னு ஞாபகமிருக்குதுங்களா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. நல்லாத் தூங்குன மாதிரி இருந்துது. எந்த நாயி எழுப்புச்சுன்னு தெரியல.”

வெளியே வராந்தாவில் நித்திலா நின்றிருந்தாள். காலிலும் கையிலும் முள் கீறிய காயங்கள் இன்னும் ஆறவில்லை.

“நான் போய்ச் சேர்றப்ப கண்ணை மூடிக் கெடந்தாரு மாமா. கார்ப் பின்னால விளக்கைப் பாக்கறதுக்கு எனக்குத் தோணல. திரையிலயும் எதையும் சேமிக்க விடல அந்த மகராசனுங்க. நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க. கடைசியில என்ன கலர்ல இருந்துது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்குது அம்மிணி? பத்தும் பச்சை. உங்கொப்பன் செவப்பு.”

“திரும்பிச் செவப்பா ஆச்சா? நெசமாலுமே?”

“கோவப்பழம் தோத்துது.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப விட்டவங்களால திரும்பிப் பிடிக்கவும் முடியும்” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

மன்றத்தின் அவசரக் கூட்டம் அந்த வாரமே கூடியது. கருவி பழுதானது என்று தீர்மானம் போட்டார்கள். பத்துக் கையும் ஜன்னலுக்கு வெளியே இருந்ததற்குப் புகைப்படம் காட்டினார் ஆறுச்சாமி. கைக்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? என்னை வேலையைவிட்டு நீக்கவேண்டும் என்றும் ஒரு பேச்சு எழுந்தது. ஆனால் என்ன குற்றத்துக்கு என்று எழுதவேண்டுமே. வருமான வரி என்றதும் நாங்கள் நடுங்கினோம் என்று எழுத யாருக்கும் பேனா வரவில்லை. மறுநாளே இரண்டு உறுப்பினர்கள் தாமாகப் போய்ப் பழைய பாக்கியெல்லாம் கட்டிவிட்டு வந்ததாகக் கேள்வி. விளக்குகளைக் கழற்றி எறிந்தார்கள். மறுபடியும் கை நீண்டது, கால் அழுந்தியது, முருங்கைத் தோட்டத்துக்காரன் வேலியை உயர்த்திக் கட்டினான்.

சென்னியப்பன் கம்பெனிக்குத் திரும்பி, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மகளுக்கு இன்னும் குளிர்ச்சியான ஏசியாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். “கோவமில்லீங்கப்பா. நீங்க செவப்பாவே இருங்க. அதுதான் எனக்கும் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “படிச்ச புள்ளை, என்னென்னமோ பேசுது” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவள் தனியாகக் கம்பெனி தொடங்கினாள். கார்களுக்கு அல்ல, கட்டில்களுக்கு. நினைவில்லாமல் கிடக்கிற நோயாளியின் நெற்றியில் அதே பட்டை, தலைமாட்டில் அதே விளக்கு. விளக்கு சிவப்பாக இருந்தால் உள்ளே இருக்கிற ஆள் இன்னும் பிடியை விடவில்லை, மருந்து தொடரும். பச்சையானாலும் உடனே ஒன்றும் செய்யக் கூடாது; காதில் பேசிப் பார்க்கவேண்டும், திரும்பிச் சிவப்பாகிறதா என்று காத்திருக்கவேண்டும். காத்திருந்தும் ஆகவில்லையென்றால்தான் குழாய்களைக் கழற்றலாமா என்று சொந்தக்காரர்களைக் கேட்பார்கள். எத்தனை நேரம் காத்திருப்பது, எப்படிப்பட்ட சிவப்பு உண்மையான சிவப்பு என்பதையெல்லாம் அன்றைக்கு நான் கண்டதை வைத்துத்தான் முடிவுசெய்தாள். அதற்காக என்னை மூன்று தடவை கோயமுத்தூருக்கு வரவழைத்து, வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர்கள் முன்னால் உட்காரவைத்தாள். எந்த வேகத்தில் பச்சை மங்கியது, எப்படிச் சிவப்பு ஏறியது என்று விலாவாரியாகச் சொன்னேன். பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். மைக் வேலையில் இருந்தவனுக்கு விவரிக்கச் சொல்லியா கொடுக்கவேண்டும்?

இப்போது பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் அந்த விளக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் வந்து நின்று அப்பனின் முகத்தைப் பார்ப்பதற்குமுன் விளக்கைப் பார்க்கிறார்கள். டாக்டர்களும் அதைப் பார்த்துத்தான் வாய் திறக்கிறார்கள். போன மாதம்கூட நித்திலா போன் செய்தாள். “இதெல்லாம் உங்க ஒருத்தர் கண்ணால வந்தது மாமா” என்றாள்.

எனக்குப் பிறவியிலிருந்தே பச்சையும் சிவப்பும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.